சி பதினேழு

சனிக்கிழமை மாடுகளை ஆற்றில் இறக்கி
வயிறு முட்டத் தண்ணீர் காட்டி
சொட்டச் சொட்ட ஓட்டிவந்து தராசில் ஏற்றுவார்கள்.
கீலா ஆற்றுக்கும் சேர்த்து
வாஷிங்டனில் யாரோ பணம் கொடுக்கிறார்.
எங்களுக்கு எலும்பு, கொஞ்சம் ஜவ்வு, புழு நெளியும் மாவு.

அதற்கு முன்னால் தலை எண்ணுவார்கள்.
ஆண்கள் கழுத்தில் பித்தளை வில்லை.
எங்கள் கூட்டத்துக்கு சி. என் புருஷனுக்குப் பதினேழு.
எழுத்தன் ஹாஸ்கின்ஸ் வாயில் எங்கள் பெயர்கள் நுழையவில்லை.
மூன்று நாள் முயன்று பார்த்தான்,
பிறகு பித்தளையை வரவழைத்தான்.

குளிர் தொடங்கிய மாதம்
சி பதினேழு மலைக்குப் போய்விட்டான்.
பாறைமேல் மட்டும் கால்வைத்து,
மணலுக்கு ஒரு சேதியும் சொல்லாமல்.
வில்லையைக் கழற்றி என் கையில் வைத்தான்.
அது அவன் நெஞ்சுச் சூடு ஆறாமல் இருந்தது.

அன்றிலிருந்து என் தங்கை புருஷன் பிஷ்லாய்
இரண்டு முறை உயிரோடிருந்தான்.
சி ஒன்பது என்றால் தொப்பியோடு ஆஜர்.
குனிந்து, பெண்களின் பாவாடை மறைவில் சுற்றிவந்து
சி பதினேழு என்றால்
தலையில் சிவப்புத் துணியோடு ஆஜர்.
ஹாஸ்கின்ஸ் முகம் பார்ப்பதில்லை.
மொழிபெயர்க்கும் சோஸ்தெனெஸ் பார்த்தான்.
பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தினான்.

பேரேட்டில் ஒன்பது பேர் இப்படி இருந்தார்கள்.
அவர்கள் பங்கு மாவு இரவில் மலையேறியது.

பனி உருகும்போது ஒருத்தி வந்தாள்.
பிசின் பூசிய கூடையில் தண்ணீர் மொண்டபடி
என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:
எல்லைக்குத் தெற்கே. ஒரு கணவாய். விடியற்காலை.
பெயர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.
சொன்னால் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

முடியை வெட்ட வேண்டும்.
அவன் போர்வையை எரிக்க வேண்டும்,
குடிசையை எரித்து வேறிடம் போக வேண்டும்.
புகையைப் பார்த்தால் ஹாஸ்கின்ஸ் கேட்பான்:
யார் செத்தது?
போன வாரம் இறைச்சி வாங்கியிருக்கிறானே?
பிறகு மற்ற எட்டுப் பேரையும் தேடுவான்.

அதனால் யூக்கா வேரில் முடி அலசி
சீவி, முதுகில் தொங்கவிட்டு
வரிசையில் நின்றேன்.
ஏழு சனிக்கிழமை அவனைக் கூப்பிட்டார்கள்.
ஏழு சனிக்கிழமையும் வந்தான்.
எண் பெயராகாது என்று எனக்கு நானே வாதாடினேன்.
இரவில் ஆந்தை கத்தியது.
அது எண்ணுவதுபோல் இருந்தது.

எட்டாவது வெள்ளி ராத்திரி பிஷ்லாய் சொன்னான்:
இனி இன்னொருத்தனாக இருக்க என்னால் ஆகாது.
என்னாகவே இங்கே இருக்க முடியவில்லை.

நாற்பத்து மூன்று பேர் கிளம்பினோம்.
குழந்தைகள் வாயில் சுட்ட மெஸ்கால் துண்டு, அழாமலிருக்க.
நாய்களை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள்.

குடிசைக்குத் தீ வைக்கவில்லை. வெளிச்சம் காட்டிக்கொடுக்கும்.
முடியை மட்டும் வெட்டி அடுப்புக் குழியில் புதைத்தேன்.
மொட்டைக் கத்தி. நேரம் பிடித்தது.
தங்கை இரண்டு முறை கூப்பிட்டாள்.

ஆற்றங்கரையில் மாடுகள் கட்டிக்கிடந்தன, காலைக்காக.
நெற்றியில் வெள்ளை விழுந்த ஒன்று
என் வெறுங்கழுத்தை முகர்ந்தது.
வில்லையின் கயிறு அதற்குப் போதவில்லை.
என் இடுப்புவாரைக் கிழித்துச் சேர்த்து முடிந்தேன்.

விடிந்ததும் அதற்குத் தண்ணீர் காட்டுவார்கள்.
தராசில் ஏற்றுவார்கள்.
ஹாஸ்கின்ஸ் பேரேட்டைத் திறந்து கூப்பிடட்டும்.
பித்தளை அங்கேதான் இருக்கும்,
ஈரமாக,
அவர்களுக்குப் பிடித்த எடையோடு.